செஸ்னா 152ல ஸ்டால், ஸ்பின்: ஸ்பீட விட உங்க கைய கவனிங்க

ட்ரெய்னிங்ல இருக்கற பசங்ககிட்ட "இந்த ஏர்கிராஃப்ட் எப்போ ஸ்டால் ஆகும்"னு கேட்டா, அதாவது விங்கோட தூக்கற சக்தி (லிஃப்ட்) எப்போ சரியும்னு கேட்டா, உடனே 40 நாட்ஸ் வேகத்துலன்னு பதில் வரும். செஸ்னா 152ங்கற ரெண்டு சீட் ட்ரெய்னிங் ஏர்கிராஃப்ட்டோட ஹேண்ட்புக்ல அந்த நம்பர் இருக்கறது உண்மைதான், ஏர்ஸ்பீட் இண்டிகேட்டர்ல பச்சை ஆர்க் ஆரம்பிக்கற இடமும் அதுதான், ஆனா அந்த 40 எப்போ பொருந்தும்னு யோசிங்க: ஃப்ளாப்ஸ் (விங் பின் விளிம்புல கீழ இறங்கற பலகை) மேல இருக்கணும், வெயிட் முழு 1,670 பவுண்ட் இருக்கணும், விங் நேரா இருக்கணும், யோக்க (கையில பிடிக்கற கண்ட்ரோல் வீல்) யாரும் வெடுக்குனு இழுக்காம இருக்கணும். இதுல ஒண்ணு மாறினாலும் நம்பர் மாறிடும். விங்குக்கு ஸ்பீடே தெரியாது, காத்து எந்த கோணத்துல வந்து மோதுதுங்கறது மட்டும்தான் அதுக்கு கணக்கு. அந்த ஆங்கிள் ஆஃப் அட்டாக் சுமாரா 15 லேர்ந்து 18 டிகிரி தாண்டிச்சுன்னா விங் மேல ஒட்டி ஓடிட்டிருந்த காத்து பிரிஞ்சு போயிடும், லிஃப்ட் சரியும். 40 நாட்ஸ்லயும் ஸ்டால் ஆகும், 80லயும் ஆகும், மூக்கு தரையப் பாத்துட்டு இருக்கும்போது கூட ஆகும்.

அதே 152க்கு ஹேண்ட்புக் டேபிள்ல சிஜி (எடை மையம்) முன்னாடி இருக்கற வரிசைய பாருங்க, 30 டிகிரி பேங்க்ல (விங் சாய்வுல) 43, 45 டிகிரில 48, 60 டிகிரில 57. ஃபைனல்ல, அதாவது ரன்வேக்கு நேரா இறங்கற கடைசி கட்டத்துல, நாம வர்ற ஸ்பீடு 60 பக்கம். அதாவது 60 டிகிரி பேங்க் போட்டு மூக்க தூக்கிப் பிடிச்சா மிச்சம் இருக்கறது 3 நாட்ஸ். இங்க ஒரு விஷயம் நெறைய பேருக்கு தப்பா பதிஞ்சிருக்கு, பேங்க் பண்ணதும் தானா ஸ்டால் ஸ்பீடு ஏறிடும்னு. அப்படி இல்லைங்க. உயரம் குறையக் கூடாதுன்னு நீங்க யோக்க இழுக்கறீங்க பாருங்க, அந்த இழுப்புதான் லோட் ஃபேக்டர (விங் தாங்கற பாரம்) ஏத்துது, அதான் ஸ்டால் ஸ்பீட ஏத்துது. 60 டிகிரில லெவலா சுத்தணும்னா 2 ஜி (எடையைப் போல ரெண்டு மடங்கு) இழுக்கணும், ஸ்டால் ஸ்பீடு 41 சதவீதம் மேல போகும். இழுக்காம மூக்க கீழ விட்டுட்டா அதே பேங்க்ல விங்குக்கு ஒரு பிரச்சனையும் இல்ல.

அதனால நான் யாருக்கு சொன்னாலும் முதல்ல சொல்றது இதுதான்: யோக் எவ்ளோ பின்னாடி இருக்கோ, ஸ்டால் அவ்ளோ கிட்ட இருக்கு. ஸ்டால் பண்றதும் உங்க கைதான், ஸ்டால விடுவிக்கறதும் அதே கைதான். அடுத்த தடவ ஸ்டால் எக்ஸர்சைஸ் போகும்போது ஏர்ஸ்பீட மட்டும் பாத்துட்டு இருக்காம, ஸ்டால் எச்சரிக்கை ஹார்ன் அடிக்கும்போது யோக் பேனல்லேர்ந்து எவ்ளோ வெளிய வந்திருக்குன்னு பாருங்க. நேரா பறக்கும்போது ஒரு தடவ, 30 டிகிரி டர்ன்ல ஒரு தடவ, ஃப்ளாப்ஸோட ஒரு தடவ பாருங்க. ஸ்பீடு ஒவ்வொரு தடவையும் வேறயா இருக்கும், ஆனா கை இருக்கற இடம் ஓரளவு அதே ஏரியாவுல வந்து நிக்கும். அந்த இடம் உங்க முழங்கைக்கு தெரிஞ்சிடுச்சுன்னா அது எந்த இன்ஸ்ட்ருமென்ட்டையும் விட வேகமா உங்கள எச்சரிக்கும்.

இப்போ அறிகுறிகள். 152லயும் பல 172லயும் (நாலு சீட் மாடல்) ஸ்டால் ஹார்ன் கரன்ட்ல ஓடறது இல்ல, இடது விங் முன் விளிம்புல ஒரு சின்ன ஓட்டை, ஆங்கிள் ஏறும்போது அங்க காத்தழுத்தம் கம்மியாகி உள்ள இருக்கற ரீட் வழியா காத்த உறிஞ்சும், அந்த சத்தம்தான் நமக்கு கேக்கறது. ஸ்டாலுக்கு 5 லேர்ந்து 10 நாட்ஸ் முன்னாடியே ஆரம்பிச்சிடும். ப்ரீஃப்ளைட்ல அந்த ஓட்டை மேல சுத்தமான கர்ச்சீஃப் வெச்சு வாயால உறிஞ்சிப் பாருங்க, சத்தம் வரணும். பூச்சி கூடு கட்டி அடைச்சிருந்தா வராது, அதோட மேல போகாதீங்க. ஹார்னுக்கு முன்னாடியே கண்ட்ரோல்ஸ் தொளதொளன்னு ஆகும், காத்து சத்தம் கொறையும், அப்புறம் பஃபெட், உடம்புல ஒரு நடுக்கம் மாதிரி சீட் வழியா தெரியும். செஸ்னா விங்க முனையில கொஞ்சம் முறுக்கி வெச்சிருக்காங்க, அதனால உள்பக்கம் முதல்ல ஸ்டால் ஆகும், முனை கடைசி வரைக்கும் பிடிச்சு நிக்கும். நல்ல விஷயம்தான், ஆனா இதனாலயே ஒரு ஏமாத்தமும் இருக்கு. ரெண்டு பேர் மட்டும் முன்னாடி உக்காந்திருக்கற 172ல பவர் இல்லாம மெதுவா இழுத்தா மூக்கு பட்டுன்னு விழவே விழாது, லேசா தலையாட்டிட்டு அப்படியே இருக்கும், பசங்க "சார் இன்னும் ஸ்டால் ஆகல"ம்பாங்க. விஎஸ்ஐய (ஏறற, இறங்கற வேகத்த காட்டற மீட்டர்) பாருங்க, தடதடன்னு கீழ போயிட்டிருக்கும். யோக் முழுசா பின்னாடி, ஏர்கிராஃப்ட் கீழ போகுது, இதுவும் ஸ்டால்தான்.

எக்ஸர்சைஸ் பண்றதுக்கு முன்னாடி ஹேசல் செக் பண்ணுங்க, வாய்ல ஒப்பிக்கறதுக்காக பண்ணாதீங்க. உயரம் போதுமா, ஃப்ளாப்ஸ் எங்க இருக்கு, பெல்ட் டைட்டா, சீட் லாக் ஆகியிருக்கா, பின்னாடி வாட்டர் பாட்டில் ஃபயர் எக்ஸ்டிங்விஷர் எதுவும் லூஸா இருக்கா, என்ஜின் டெம்பரேச்சர் ப்ரெஷர் சரியா, கீழ ஊரோ கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸோ இருக்கா, கடைசியா சுத்தி திரும்பி கீழ வரைக்கும் நல்லா பாக்கறது. அமெரிக்க ஸ்டாண்டர்ட்படி சிங்கிள் என்ஜின்ல ஸ்டால் ரெகவரி தரைக்கு மேல 1,500 அடிக்குள்ள இறங்காம முடியணும். நான் அது போதும்னு நினைக்கல, 3,000 அடிக்கு மேல முடியற மாதிரி ஆரம்பிங்க, உயரம் இருந்தா மனசு அமைதியா இருக்கும், அமைதியா இருந்தாதான் கத்துக்க முடியும்.

பவர் ஆஃப் ஸ்டால்: கார்ப் ஹீட் (கார்பரேட்டர்ல ஐஸ் பிடிக்காம இருக்க சூடு) போட்டு பவர ஐடில் கொண்டு வாங்க, உயரத்த பிடிச்சுட்டே மெதுவா இழுங்க, செகண்டுக்கு ஒரு நாட் கொறையற மாதிரி. டர்ன் கோஆர்டினேட்டர்ல இருக்கற பந்து (பக்கவாட்டுல சறுக்கறத காட்டறது) நடுவுல. ஸ்டால் ஆனதும் முதல் வேலை இழுத்த கைய விடறது, யோக்க முன்னாடி கொண்டு போறது. தடால்னு குத்த வேண்டாம், பஃபெட் நிக்கற அளவுக்கு போனா போதும், மூக்கு அடிவானத்துக்கு கொஞ்சம் கீழ வந்தாலே விங் திரும்ப பறக்க ஆரம்பிச்சிடும். அது கூடவே பவர முழுசா, கார்ப் ஹீட்ட உள்ள, விங் லெவல், அப்புறம் பொறுமையா மேல. அவசரப்பட்டு திரும்ப இழுத்தா ரெண்டாவது ஸ்டால் வரும், அது முதல்ல வந்தத விட முரட்டுத்தனமா இருக்கும்.

ஒரு காலத்துல "உயரத்த விடாத, பவர மட்டும் போடு"ன்னு தான் சொல்லிக் கொடுத்தாங்க, எவ்ளோ கம்மி அடி இழந்தீங்கன்றத வெச்சுதான் மார்க்கே. அந்த பழக்கம் எவ்ளோ ஆபத்துன்னு 2009 பிப்ரவரில அமெரிக்காவுல பஃபலோ பக்கத்துல விழுந்த கோல்கன் ஏர் 3407 விமானம் காட்டுச்சு, ஸ்டால் வருதுன்னு எச்சரிக்கற ஸ்டிக் ஷேக்கர் ஆடும்போது கேப்டன் பின்னாடி இழுத்தார், தானா இயங்கற புஷர் ஸ்டிக்க முன்னாடி தள்ளும்போதும் இழுத்துட்டே இருந்தார். அதுக்கு அப்புறம் அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ ஏர்லைன் ட்ரெய்னிங்லயே முதல்ல ஆங்கிள கொறை, மத்ததெல்லாம் பின்னாடின்னு தெளிவா எழுதிட்டாங்க. சின்ன ஏர்கிராஃப்ட்டுக்கும் அதே வரிசைதான்.

பவர் ஆன் ஸ்டால்ல இன்னொரு சமாச்சாரம் சேருது. ப்ரொபெல்லர் காக்பிட்லேர்ந்து பாத்தா கடிகார திசையில சுத்தும், பவர் அதிகம் ஸ்பீடு கம்மி மூக்கு மேலன்னு இருக்கும்போது மூக்கு இடது பக்கம் இழுத்துட்டே போகும், வலது ரடர (மூக்க இடம் வலம் திருப்பற வால் பலகை, காலால இயக்கறது) நல்லா மிதிச்சு பந்த நடுவுல வெக்கலன்னா ஸ்டால் ஆகற நொடியில இடது விங் பொத்துன்னு விழும். விழுந்ததும் எல்லார் கையும் யோக்க வலது பக்கம் திருப்பும், கார் ஓட்டின கைக்கு அதான் தெரியும். அத பண்ணாதீங்க. விழுந்த விங்ல அய்லரான் (விங்க சாய்க்கற பலகை) கீழ இறங்கும், ஏற்கனவே ஸ்டால் ஆன விங்குக்கு ஆங்கிள் இன்னும் ஏறும், ட்ராக் (காத்தோட இழுவை) இன்னும் ஏறும், விங் இன்னும் கீழ போகும், மூக்கும் அந்த பக்கமே இழுபடும். யோக்க நேரா முன்னாடி விட்டு ஆங்கிள கொறைங்க, எதிர் பக்க ரடரால மூக்கு சுத்தறத நிறுத்துங்க, விங் பறக்க ஆரம்பிச்சதும் அய்லரானால லெவல் பண்ணிக்கோங்க.

அந்த இடத்துல ரெகவர் பண்ணாம விட்டா வர்றதுதான் ஸ்பின். ஸ்டால் ஆகியிருக்கணும், கூடவே மூக்கு ஒரு பக்கம் சுத்திட்டு இருக்கணும், ரெண்டும் சேர்ந்தா போதும். கீழ போற விங்குக்கு ஆங்கிள் அதிகம், அதனால லிஃப்ட் கம்மி ட்ராக் அதிகம், மேல போற விங்குக்கு ஆங்கிள் கம்மி, அதனால லிஃப்ட் கொஞ்சம் மிச்சம் இருக்கு, இந்த வித்தியாசமே ஏர்கிராஃப்ட்ட தானா சுத்த வெச்சுட்டே இருக்கும். 1912 ஆகஸ்ட் 25ல இங்கிலாந்துல லார்க்ஹில் மேல வில்ஃப்ரெட் பார்க்குங்கற கடற்படை லெப்டினன்ட் ஒரு ஏவ்ரோ கேபின் பைப்ளேன்ல இதுல மாட்டினார். சுமார் 700 அடிலேர்ந்து சுத்திட்டே விழறாரு, அப்போ யாருக்கும் இதுக்கு வழி தெரியாது, அவரும் முதல்ல எல்லாரும் பண்றதத்தான் பண்ணார், பின்னாடி இழுத்தார், சுத்தற பக்கமே ரடர் கொடுத்தார். ஒண்ணும் நடக்கல. கடைசில எதிர் பக்கம் ரடர மிதிச்சதும் சுத்தல் நின்னுச்சு, தரைக்கு கிட்டத்தட்ட 50 அடில நேராச்சு. கீழ நின்னு பாத்தவங்க நெறைய பேரு, அவரும் இறங்கினதும் என்ன பண்ணேன்னு விவரமா சொல்லிட்டார், எழுத்துல பதிவான முதல் ஸ்பின் ரெகவரி அதுதான்னு சொல்லுவாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் அதே எதிர் ரடர்தான்.

இன்ஸ்ட்ரக்டரோட 152ல வேணும்னே ஸ்பின் போறப்போ: பவர் ஐடில், மெதுவா இழுத்து ஸ்டால் வர்ற நொடிக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு பக்க ரடர முழுசா, யோக்க முழுசா பின்னாடி, ரெண்டையும் அப்படியே பிடிச்சு வெக்கணும். ஏர்கிராஃப்ட் ஒரு பக்கம் புரண்டு மூக்கு செங்குத்தா கீழ போற மாதிரி தெரியும், தரை சுத்தும். முதல் ஒண்ணு ரெண்டு சுத்து இன்னும் செட்டில் ஆகாத நிலை, அதுக்கு அப்புறம்தான் சுத்தற வேகமும் ஸ்பீடும் ஒரே மாதிரி நிலைக்கு வரும். 172 இதுக்கு லேசுல ஒத்துக்காது, சிஜி முன்னாடி இருந்தா ஒரு சுத்துக்குள்ளயே ஸ்பைரல் டைவா (ஸ்டால் இல்லாம சுத்திட்டே வேகமா இறங்கறது) மாறிடும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம ரெகவரி பண்ணா ஏர்கிராஃப்ட்ட ஒடிச்சிடலாம், அதனால ஏர்ஸ்பீட பாருங்க. ஸ்பின்ல ஸ்பீடு கம்மியா ஒரே இடத்துல நிக்கும். ஸ்பைரல்ல ஸ்பீடு ஏறிட்டே போகும், சீட்ல அழுத்தற பாரமும் ஏறும். ஸ்பைரலுக்கு பவர கொறை, அய்லரானால விங்க லெவல் பண்ணு, அப்புறம் மெதுவா மூக்க தூக்கு, அவ்ளோதான்.

ஸ்பின் ரெகவரி வரிசை இது. த்ராட்டில் ஐடில், பவர் இருந்தா மூக்கு மேல தூக்கி ஸ்பின் தட்டையாகும். அய்லரான் நேரா. ஃப்ளாப்ஸ் இறங்கியிருந்தா மேல ஏத்துங்க. சுத்தற பக்கத்துக்கு எதிர் ரடர முழுசா, ஸ்டாப்ல இடிக்கற வரைக்கும் மிதிச்சு வெச்சுக்கோங்க. எந்த பக்கம் சுத்துதுன்னு குழம்பினா டர்ன் கோஆர்டினேட்டர்ல இருக்கற குட்டி ஏர்கிராஃப்ட்ட பாருங்க, அது சாஞ்சிருக்கற பக்கம்தான் சுத்தல், கீழ இருக்கற பந்த மட்டும் நம்பாதீங்க, ஸ்பின்ல அது தப்பா காட்டலாம். ரடர் ஸ்டாப்ல இடிச்ச உடனே யோக்க சுறுசுறுப்பா முன்னாடி, ஸ்டால் உடையற அளவுக்கு, சிஜி பின்னாடி இருந்தா முழுசா கூட தேவைப்படும். சுத்தல் நிக்கற வரைக்கும் அப்படியே வெச்சிருங்க, இங்கதான் பொறுமை வேணும், அரை சுத்துல வேலை செய்யலையேன்னு ரடர விட்டுட்டு வேற எதையாவது முயற்சி பண்ணக் கூடாது. நின்னதும் ரடர நடுவுக்கு கொண்டு வாங்க, மறந்தா எதிர் பக்கம் ஸ்பின் போக வாய்ப்பு இருக்கு. அப்புறம் டைவ்லேர்ந்து நிதானமா வெளிய வாங்க. மூக்கு நேரா தரையப் பாக்கும்போது யோக்க முன்னாடி தள்ளறதுக்கு மனசு ஒத்துக்காது, அதனாலதான் இத நிஜமா ஒரு தடவையாவது நல்ல இன்ஸ்ட்ரக்டரோட பண்ணிப் பாக்கணும்னு சொல்றேன். அமெரிக்காவுல 1949லயே ப்ரைவேட் பைலட்டுக்கு ஸ்பின் கட்டாயம் இல்லன்னு எடுத்துட்டாங்க, இன்ஸ்ட்ரக்டர் ஆகறவங்களுக்கு மட்டும்தான் வெச்சிருக்காங்க, அதனால கேட்டு வாங்கினாதான் கிடைக்கும்.

ஆனா இந்த ரெகவரிய மனப்பாடம் பண்ணிட்டா தப்பிச்சிடலாம்னு நினைச்சீங்கன்னா கணக்கு போட்டுப் பாருங்க. செஸ்னா ஹேண்ட்புக் ஒரு சுத்து ஸ்பின்னுக்கும் ரெகவரிக்கும் சேர்த்து குறைஞ்சது 1,000 அடி ஒதுக்கச் சொல்லுது, தரைக்கு மேல 4,000 அடிலயே எல்லாம் முடிஞ்சிருக்கணும்னும் சொல்லுது. இறங்கறதுக்கு ஏர்ஃபீல்ட சுத்தி பறக்கற சர்க்யூட் உயரமே 1,000 அடி. பேஸ்லேர்ந்து (ரன்வேக்கு குறுக்கா வர்ற பகுதி) ஃபைனலுக்கு திரும்பும்போது கையில இருக்கறது 500 அடி பக்கம். அங்க ஸ்பின் ஆரம்பிச்சா எவ்ளோ திறமை இருந்தாலும் உயரம் பத்தாது. அதனால அந்த டர்ன் எப்படி ஸ்பின்னா மாறுதுன்னு அடி அடியா தெரிஞ்சு வெச்சுக்கறதுதான் முக்கியம்.

இடது சர்க்யூட்னு வெச்சுக்கோங்க. பேஸ்ல பின்காத்து, நினைச்சத விட வேகமா ரன்வே லைன் கிட்ட வந்துடுது, திரும்பினா ஓவர்ஷூட். பேங்க அதிகமாக்க பயம், தரை கிட்ட இருக்கு. அப்போ இடது கால் தானா ரடர மிதிக்கும், மூக்கு ரன்வே பக்கம் வருதுன்னு ஒரு திருப்தி. வெளிப்பக்க விங் வேகமா போறதால பேங்க் ஏறும், அத தடுக்க கை யோக்க வலது பக்கம் திருப்பும். மூக்கு கீழ சரியும், அத தூக்க கை பின்னாடி இழுக்கும். இப்போ என்ன இருக்கு பாருங்க, இடது ரடர், வலது அய்லரான், யோக் பின்னாடி. மேல நாம வேணும்னே ஸ்பின் போறதுக்கு போட்ட அதே ரடரும் இழுப்பும்தான், கூட எதிர் அய்லரானும் சேர்ந்திருக்கு, எடுத்துட்டுப் போனது நம்ம கையும் காலும்தான். உள்பக்க விங் முதல்ல ஸ்டால் ஆகி ஏர்கிராஃப்ட் அந்த பக்கமே கவுந்து விழும், ரொம்ப வேகமா, பஃபெட் சரியா தெரியறதுக்குள்ள. இப்படி ரடர் அதிகமாகி மூக்கு டர்னுக்கு உள்ள போறதுதான் ஸ்கிட். ரடர் பத்தாம வர்ற ஸ்லிப்ல இவ்ளோ மோசம் இல்ல, அங்க மேல இருக்கற விங் முதல்ல விழும், ஏர்கிராஃப்ட் லெவல் பக்கம்தான் புரளும். அதனால ஸ்கிட்டதான் அதிகமா பயப்படணும்.

வழி ரொம்ப எளிசு. பேஸ்ல பின்காத்து இருக்கும்னு டவுன்விண்ட்லயே (ரன்வேக்கு இணையா எதிர் திசையில போற பகுதி) தெரியும், சீக்கிரமா திரும்புங்க. ஃபைனல் டர்ன்ல 30 டிகிரிக்கு மேல போகாதீங்க, பந்து நடுவுல, யோக்ல இழுப்பு வேண்டாம், மூக்கு கீழயே இருக்கட்டும். லைன் தாண்டிடுச்சுன்னா தாண்டட்டும், அதே 30 டிகிரில திரும்பி மறுபக்கத்துலேர்ந்து வந்து சேருங்க, இல்ல கோ அரவுண்ட் (இறங்காம திரும்ப மேல ஏறி சுத்தி வர்றது) போங்க. ஒரு கோ அரவுண்ட்ல போறது கொஞ்சம் பெட்ரோல்தான். அதுலயும் ஒண்ணு கவனிக்கணும், ஃபுல் ஃப்ளாப்ஸ்ல 60க்கு ட்ரிம் பண்ணி (கை அழுத்தாமயே அந்த ஸ்பீடு நிக்கற மாதிரி செட் பண்ணி) வந்துட்டு திடீர்னு முழு பவர் போட்டா மூக்கு தானா எகிறும், கையால நல்லா முன்னாடி அழுத்திப் பிடிக்கணும், 152ல ஃப்ளாப்ஸ உடனே 20 டிகிரிக்கு கொண்டு வாங்க, அப்புறம் ட்ரிம்.

இத மேல பாதுகாப்பா பண்ணிப் பாக்க ஒரு நல்ல வழி இருக்கு, உங்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேளுங்க. 4,000 அடிதான் தரைன்னு வெச்சுக்கிட்டு 5,000ல டவுன்விண்ட் ஓட்டுங்க, பேஸ் திரும்புங்க, 4,500ல ஃபைனல் டர்ன்ல அந்த ஸ்கிட்ட வேணும்னே போடுங்க, விங் விழுந்த நொடியில ரெகவர் பண்ணுங்க, ஆல்டிமீட்டர பாருங்க. 4,000க்கு மேல இருக்கீங்களான்னு. ஏர்கிராஃப்ட் ஸ்பின்னுக்கு அனுமதி உள்ளதா இருக்கணும், வெயிட்டும் சிஜியும் ஸ்பின்னுக்குன்னு ஹேண்ட்புக் சொல்ற கேட்டகரி எல்லைக்குள்ள இருக்கணும்.

அந்த கேட்டகரி விஷயம் நெறைய பேரு படிக்கறதே இல்ல. 172ல ஸ்பின் யுடிலிட்டி கேட்டகரில மட்டும்தான், பின் சீட்லயும் பேகேஜ்லயும் ஒண்ணும் இருக்கக் கூடாது, 172எஸ்ல வெயிட் 2,550 பவுண்டுக்கு பதிலா 2,200க்குள்ள. பின்னாடி ஒரு ஃப்ரெண்ட உக்கார வெச்சா சிஜி பின்னாடி போகும், ஸ்பின் தட்டையாகும், ரெகவரி கஷ்டமாகும். நார்மல் கேட்டகரி சர்டிஃபிகேஷனோட பழைய விதில ஒரு சுத்து இல்லன்னா 3 செகண்ட் ஸ்பின்னுக்கு அப்புறம் இன்னொரு சுத்துக்குள்ள வெளிய வரணும்னு மட்டும்தான் காட்டியிருப்பாங்க, அதுக்கு மேல விட்டா என்ன ஆகும்னு யாரும் உத்தரவாதம் தரல. உத்தரப் பிரதேசத்துல ஃபர்சத்கஞ்ச்ல இருக்கற இக்ரூவா பைலட் பள்ளி மாதிரி இடத்துல டிஏ40ங்கற ட்ரெய்னர்ல படிக்கறவங்களுக்கு, அதுல வேணும்னே ஸ்பின் போகவே அனுமதி இல்ல. சிரஸ் ஏர்கிராஃப்ட்ல ஸ்பின் வந்தா பாராசூட்தான் வழின்னு மேனுவல்லயே இருக்கு. கிரம்மன் ஏஏ1 யாங்கிலயும் ஸ்பின் தடை, நாஸா 1970கள்ல அத வெச்சு ஸ்பின் ஆராய்ச்சியே பண்ணாங்க. இவ்ளோ வித்தியாசம் இருக்கறதால ஒரு ஏர்கிராஃப்ட்ல கத்துக்கிட்டத இன்னொண்ணுல அப்படியே பண்ணாதீங்க, ஹேண்ட்புக்ல ரெண்டாவது சாப்டர்ல லிமிட்டேஷன்ஸ்ல என்ன இருக்குன்னு பாத்துட்டு ஏறுங்க.

150, 152ல ஸ்பின் போறவங்க இதையும் பாக்கணும். 1998ல கனடாவுல கியூபெக்ல ஒரு 152 ஸ்பின் ட்ரெய்னிங்ல விழுந்துச்சு, ரடர் ஸ்டாப்ப தாண்டி முழு இடது பக்கம் போய் அங்கயே சிக்கிக்கிச்சு, இன்ஸ்ட்ரக்டர் எதிர் ரடர் கொடுத்தாலும் வர்றதுக்கு வழியே இல்ல. அதுக்கு அப்புறம் செஸ்னா புது ரடர் ஸ்டாப் கிட் கொண்டு வந்தாங்க, எஃப்ஏஏ 2009ல போட்ட விதிப்படி ஒண்ணு அந்த கிட் போடணும், இல்லன்னா ஸ்பின் கூடாதுன்னு காக்பிட்ல ப்ளகார்டு (அறிவிப்பு அட்டை) ஒட்டணும். ப்ரீஃப்ளைட்ல வாலுக்கு போகும்போது ரடர ரெண்டு பக்கமும் கையால மெதுவா கடைசி வரைக்கும் தள்ளி, ஸ்டாப் ஒழுங்கா இடிக்குதா, தாண்டிப் போகாம திரும்பி வருதான்னு பாருங்க. லாக்புக்ல கிட் போட்டதுக்கு என்ட்ரி இருக்கான்னு எஞ்சினியர்கிட்ட கேளுங்க. ப்ளகார்டு ஒட்டியிருக்கற ஏர்கிராஃப்ட்னா அன்னைக்கு ஸ்டால் மட்டும் பண்ணிட்டு இறங்குங்க, ஸ்பின்ன கிட் போட்ட ஏர்கிராஃப்ட் கிடைக்கற அன்னைக்கு வெச்சுக்கலாம்.